கேஸ் அடுப்பிலிருந்து இண்டக்‌ஷனுக்கு: சிங்கப்பூர் வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கேஸ் அடுப்பை எடுத்துவிட்டு, மின்சாரத்தில் ஓடும் இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள்: பில் குறையுமா, தோசை சரியாக வருமா? இரண்டுக்கும் கீழே பதில் இருக்கிறது. ஆனால் நான் மாற்றச் சொல்வதற்குக் காரணம் அவை இல்லை. இழுப்பு உள்ள பிள்ளையோ, பகலில் தனியாக இருந்து சமைக்கும் வயதான அம்மாவோ அப்பாவோ உங்கள் வீட்டில் இருந்தால், சமையலறையில் எரியும் தீயை வெளியே அனுப்புவதுதான் அவர்களுக்காக நீங்கள் செய்யக்கூடிய நல்ல காரியங்களில் ஒன்று. அவசரப்பட்டுச் செய்தால் பணமும் போகும், பாட்டியின் கோபமும் மிஞ்சும். அதனால் வரிசையாகப் பார்ப்போம்.

தீ எரியும்போது காற்றில் என்ன சேர்கிறது

சிங்கப்பூரில் குழாய் வழியாக வரும் டவுன் கேஸ், செனோக்கோவில் இயற்கை எரிவாயுவிலிருந்து தயாரிக்கப்படுகிறது. அதில் ஹைட்ரஜன்தான் பெரும்பங்கு. மீத்தேனும், ஓரளவு கார்பன் மோனாக்சைடும் கலந்திருக்கும். ஹைட்ரஜன் எரிந்தால் தண்ணீர்தானே வரும், அதில் என்ன கெடுதல் என்று சிலர் கேட்பார்கள். சிக்கல் வாயுவில் மட்டும் இல்லை, தீயின் சூட்டிலும் இருக்கிறது. நீலச் சுவாலையின் கடும் வெப்பத்தில், காற்றிலேயே உள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் டை ஆக்சைடு உண்டாகிறது. அது மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும் வாயு. சுத்தமான, நன்றாக எரியும் அடுப்பிலும் அது வரும். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் தன் காற்றுத்தர வழிகாட்டுதல்களைத் திருத்தியபோது, இந்த வாயுவுக்கான ஆண்டுச் சராசரி அளவை ஒரு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராமிலிருந்து 10க்குக் குறைத்தது. குறைந்த அளவிலும் பாதிப்பு உண்டு என்பதுதான் அதற்குக் காரணம்.

பர்னரில் அழுக்கு அடைத்து, சுவாலை மஞ்சளாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் கூடும். இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பென்சீன் என்ற இன்னொன்றும் இருக்கிறது. புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியாக வகைப்படுத்தப்பட்டது அது. இயற்கை எரிவாயுவிலும் புரொப்பேனிலும் எரியும் அடுப்புகளிலிருந்து பென்சீன் வருவதை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் அமெரிக்க வீடுகளில் அளந்து காட்டினார்கள். இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து அது வரவில்லை.

ஆஸ்துமா விஷயத்தில் நேர்மையாகப் பேச வேண்டும். பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து 2013இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, கேஸில் சமைக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா இருக்கும் வாய்ப்பு 42 சதவீதம் அதிகம் என்றது. அதே ஆண்டு 47 நாடுகளில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்த இன்னொரு பெரிய ஆய்வில் அப்படி ஒரு தொடர்பு தென்படவில்லை. ஆகவே கேஸ் அடுப்புதான் என் பிள்ளைக்கு ஆஸ்துமா கொடுத்தது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஏற்கெனவே ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு நைட்ரஜன் டை ஆக்சைடு ஆகாது என்பதில் சந்தேகம் இல்லை. அடுப்பை மாற்றினால் அந்த வாயு குறையும் என்பதும் அளந்து பார்த்த விஷயம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் கேஸ் அடுப்பை எடுத்துவிட்டு மின் அடுப்பு வைத்த வீடுகளில், சமையலறையில் அது 51 சதவீதமும் படுக்கையறையில் 42 சதவீதமும் குறைந்தது. 2014இல் வெளியான ஆய்வு இது. படுக்கையறைக் கணக்கைக் கவனியுங்கள். அடுப்பின் காற்று அடுப்படியோடு நிற்பதில்லை.

நம் ஊர் வீடுகளுக்கு இது இன்னும் பொருந்தும். வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீட்டின் சமையலறை சிறியது. இப்போது பலர் சுவரை இடித்து வரவேற்பறையோடு சேர்த்துவிடுகிறார்கள். புகைமூட்டம் வரும் மாதங்களில் சன்னலைச் சாத்திவிட்டுச் சமைக்கிறோம். மழைச்சாரல் அடித்தாலும் சாத்துகிறோம். பல வீடுகளில் அடுப்புக்கு மேலே உள்ள புகைபோக்கி, காற்றை வடிகட்டித் திரும்ப அறைக்குள்ளேயே விடும் வகை. எண்ணெய்ப் பிசுக்கை அது பிடிக்கும், வாயுக்களை வெளியே அனுப்பாது.

கசிவும் தீயும்

பால் பொங்கி வழிந்து தீ அணைந்துபோவதை எல்லோரும் பார்த்திருப்போம். தீ அணைந்தால் கேஸைத் தானாக நிறுத்தும் பாதுகாப்பு இல்லாத பழைய அடுப்பாக இருந்தால், தீ போன பிறகும் கேஸ் வந்துகொண்டே இருக்கும். டவுன் கேஸ் காற்றைவிட இலேசானது, மேலே எழும். சிலிண்டரில் வரும் எல்பிஜி கனமானது, தரையோடு தேங்கும். டவுன் கேஸில் கார்பன் மோனாக்சைடும் இருப்பதால், எரியாமல் கசிந்தாலே மூச்சுக்கு ஆபத்து. கசிவு தெரிய வேண்டும் என்றுதான் மணம் சேர்க்கிறார்கள். ஆனால் வயதானவர்களுக்கு மோப்பம் குறைந்துபோவது சகஜம். அம்மா கண்டுபிடித்துவிடுவார் என்று இருந்துவிடாதீர்கள்.

பல ஆண்டுகளாகச் சிங்கப்பூர் வீடுகளில் ஏற்படும் தீச்சம்பவங்களுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்றாகக் குடிமைத் தற்காப்புப் படை சொல்லிவருவது, அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோவதை. இண்டக்‌ஷன் மறதியைக் குணப்படுத்தாது, ஆனால் மறந்தால் வரும் ஆபத்தைக் குறைக்கும். பாத்திரத்தை எடுத்தால் தானாக நிற்கும். டைமர் வைத்தால் சொன்ன நேரத்தில் அணையும். பெரும்பாலான அடுப்புகள் நீண்ட நேரம் யாரும் தொடாமல் இருந்தால் தாமாகவே அணைந்துவிடும், அளவுக்கு மீறிச் சூடானாலும் நிற்கும். புடவைத் தலைப்போ துப்பட்டாவோ பற்றிக்கொள்ளத் தீயே இல்லை. நம் வீட்டுப் பெண்களுக்கு இதுவே பெரிய காரணம் என்பேன்.

இனி, எப்படி மாற்றுவது.

படி 1: வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்

இதயத்தில் பேஸ்மேக்கரோ வேறு மின்கருவியோ பொருத்தியவர் இருந்தால், முதலில் அவருடைய இதய மருத்துவரிடம் கேளுங்கள். இண்டக்‌ஷன் காந்தப்புலத்தில் வேலை செய்வது. அதற்கும் அந்தக் கருவிக்கும் இடையே 60 செண்டிமீட்டர் இடைவெளி வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. அடுப்பின்மேல் குனிந்து கிண்டும் பழக்கம் உள்ளவருக்கு அது எளிதல்ல. அப்படிப்பட்ட வீட்டில் சமைப்பவரை மாற்றலாம், அல்லது சாதாரண மின்தட்டு அடுப்பைப் பார்க்கலாம்.

பார்வை மங்கியவர் இருந்தால், தொட்டால் மட்டும் இயங்கும் வழவழப்பான பலகை அவரைத் தடுமாற வைக்கும். திருகும் குமிழ் உள்ள அடுப்பைத் தேடி வாங்குங்கள். இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் பாட்டி புது அடுப்பை ஏற்பதும் ஒதுக்குவதும் பெரும்பாலும் இதைப் பொறுத்துத்தான்.

படி 2: மின்சாரம் தாங்குமா என்று கணக்குப் போடுங்கள்

இங்கே மின் அழுத்தம் 230 வோல்ட், சாதாரண பிளக் 13 ஆம்பியர். பெருக்கினால் சுமார் 3,000 வாட். ஒற்றை மேசை அடுப்புகள் பெரும்பாலும் 2,000 வாட் அளவில் இருப்பதால், சுவர் பிளக்கில் நேராகச் செருகிப் பயன்படுத்தலாம். மொத்தம் 3,000 வாட்டுக்குள் கட்டுப்படுத்திய இரட்டை அடுப்புகளும் கிடைக்கின்றன. அதற்கு மேல் போனால் தனி மின்சுற்று இழுக்க வேண்டும்.

அடுத்து வீட்டின் மொத்தக் கொள்ளளவு. 1994க்கு முன் கட்டிய வீவக வீடுகள் பலவற்றில் முதன்மை ஸ்விட்ச் 30 ஆம்பியர். பின்னால் வந்தவற்றில் 40. அதாவது பழைய வீட்டில் ஒரே நேரத்தில் சுமார் 6,900 வாட்டும், புதியதில் 9,200 வாட்டும் எடுக்கலாம். குளியலறையில் உடனடி வெந்நீர்க் கருவி 3,000 வாட், அடுப்பு 3,000, கெட்டில் 2,000 என்று காலை ஏழு மணிக்கு ஒன்றாக ஓடினால், பழைய வீட்டில் ஸ்விட்ச் விழுந்துவிடும். மின்பெட்டியைத் திறந்து முதன்மை ஸ்விட்சில் என்ன எண் அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். 30 என்றிருந்தால், எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்தொழிலாளரை அழைத்து 40க்கு உயர்த்த முடியுமா என்று கேளுங்கள்.

அதே பெட்டியில் ஆர்சிசிபி இருக்கிறதா என்றும் பாருங்கள். மின்கசிவு ஏற்பட்டால் நொடியில் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி அது. பழைய வீடுகள் உட்பட எல்லா வீடுகளிலும் இருந்தாக வேண்டும் என்ற விதி 2023 ஜூலையில் வந்தது. அதற்குத் தந்த அவகாசமும் 2025 ஜூலையோடு முடிந்துவிட்டது. ஈரக்கையோடு புழங்கும் சமையலறையில் மின் அடுப்பு வைக்கும் முன் இது கட்டாயம்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: நீட்டிப்புக் கம்பியிலோ, பல பிளக் செருகும் அடாப்டரிலோ இண்டக்‌ஷனைச் செருகாதீர்கள். கேஸ் தீயை விரட்டிவிட்டு மின்சாரத் தீயை அழைத்து வந்த கதையாகிவிடும்.

படி 3: காந்தத்தை எடுத்துக்கொண்டு பாத்திர அலமாரிக்குப் போங்கள்

இண்டக்‌ஷனில் கண்ணாடிக்கு அடியில் ஒரு செம்புச் சுருள் இருக்கிறது. அதில் வேகமாக மாறும் மின்னோட்டம் ஓடும்போது உண்டாகும் காந்தப்புலம், மேலே உள்ள இரும்புப் பாத்திரத்தின் அடிப்பாகத்திலேயே வெப்பத்தை உண்டாக்குகிறது. சூடாவது பாத்திரம்தான். அதனால் காந்தம் ஒட்டாத பாத்திரம் வேலை செய்யாது. குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கும் அலங்காரக் காந்தம் ஒன்று போதும். பாத்திரத்தின் அடியில் வையுங்கள். கெட்டியாகப் பிடித்தால் சரி.

வார்ப்பிரும்பு தோசைக்கல் பிடிக்கும். அலுமினிய இட்லிப் பானை, பித்தளை, வெண்கலம், செம்பு, மண்சட்டி எதுவும் பிடிக்காது. எவர்சில்வரில் பாதி பிடிக்கும், பாதி பிடிக்காது. அடி தட்டையாக இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். குழிந்த வாணலி ஆடிக்கொண்டே இருக்கும், சூடும் ஏறாது. பிடிக்காத பாத்திரத்துக்கு அடியில் வைக்கும் இரும்புத் தட்டு ஒன்று கடைகளில் கிடைக்கும். நான் பரிந்துரைக்க மாட்டேன். அது அடுப்பின் கண்ணாடியைத் தேவைக்கு மேல் சூடாக்கும், மின்சாரத்தையும் வீணாக்கும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தூக்கிப் போட வேண்டாம். ஒரு குக்கர், ஒரு தட்டை வாணலி, ஒரு சாம்பார்ப் பாத்திரம், ஒரு பால் பாத்திரம் என்று நான்கு இருந்தால் தொடங்கலாம். தேக்கா பக்கத்துப் பாத்திரக் கடைகளிலும் முஸ்தஃபாவிலும் இண்டக்‌ஷன் அடி போட்ட எவர்சில்வர் குக்கர் கிடைக்கும். காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டே போங்கள். பெட்டியில் எழுதியிருப்பதைவிட அதை நம்பலாம்.

படி 4: கேஸை மூடாமல், ஒற்றை அடுப்பில் பழகுங்கள்

நேராக இரட்டை அடுப்பு வாங்கி, மேடையை வெட்டி, கேஸைத் துண்டிக்கிற வேலைக்குப் போகாதீர்கள். பாதுகாப்பு முத்திரை உள்ள ஒற்றை மேசை அடுப்பு ஒன்று வாங்கி, கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து ஒரு மாதம் சமையுங்கள். முதலில் வெந்நீர், பால், சோறு, குக்கர். பிறகு குழம்பு. கடைசியாகத் தோசை.

வாங்கும்போது வாட்டை மட்டும் பார்க்காமல் சுருளின் அகலத்தைக் கேளுங்கள். கண்ணாடியில் வரைந்த வட்டம் பெரிதாக இருக்கும், உள்ளே சுருள் சிறியதாக இருக்கலாம். நம் சமையலுக்கு 20 செண்டிமீட்டருக்குக் குறையாத சுருள் வேண்டும். விலை மலிவான அடுப்புகள் குறைந்த சூட்டில் விட்டுவிட்டு எரியும். கொஞ்ச நேரம் முழுச் சூடு, கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. நெய் காய்ச்சும்போதும் பாயசம் கிண்டும்போதும் அது எரிச்சலாக இருக்கும். சிறிது கூடக் கொடுத்தால் சீராக எரிவது கிடைக்கும்.

படி 5: நம் சமையலை அதற்குப் பழக்குங்கள்

தோசைதான் பெரிய பரீட்சை. சுருள் சிறியது, கல் பெரியது. அதனால் நடு கருகும், ஓரம் வெளுத்து நிற்கும். வழி இருக்கிறது: கல்லை நடுத்தரச் சூட்டில் ஐந்து நிமிடம் பொறுமையாகக் காய விடுங்கள். வார்ப்பிரும்பு மெதுவாகச் சூட்டை ஓரம் வரை கொண்டுபோகும். எடுத்த எடுப்பில் முழுச் சூடு வைத்தால் கல் வளையலாம், விரிசலும் விடலாம். காய்ந்த பிறகு சூட்டைக் கொஞ்சம் கூட்டி ஊற்றுங்கள். ஓட்டல் அளவுக் காகிதத் தோசை வராது, வீட்டுத் தோசை நன்றாகவே வரும்.

தாளிப்பில் இன்னொரு சிக்கல். தாளிப்புக் கரண்டி சின்னது, பெரும்பாலான அடுப்புகள் அதை அடையாளம் காணாது. சுமார் 12 செண்டிமீட்டர் தட்டை அடி உள்ள குட்டி வாணலி ஒன்று வாங்கிவிடுங்கள். சூடு வேகமாக ஏறும் என்பதால் கடுகு, உளுந்து, கறிவேப்பிலை எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் எடுத்து வைத்துவிட்டுத்தான் எண்ணெய் ஊற்ற வேண்டும். கேஸில் எண்ணெய் காயட்டும் என்று வெங்காயம் நறுக்கப் போவோமே, அந்தப் பழக்கத்தை விட்டாக வேண்டும்.

குக்கரில் விசில் சீக்கிரம் வரும். முதல் விசிலுக்குப் பிறகு சூட்டைக் குறைத்து, விசிலை எண்ணாமல் நேரத்தை வைத்துப் பழகுங்கள். சப்பாத்தியைத் தீயில் காட்டி உப்ப வைக்க முடியாது. கல்லிலேயே துணியால் ஓரத்தை அழுத்தினால் உப்பும். அப்பளத்தை மைக்ரோவேவில் சுடலாம். கத்திரிக்காய் சுட்டுத் துவையல் அரைப்பவர்களுக்கு ஏர்ஃபிரையர் தோலை வாட்டித் தரும். தீயில் சுட்ட புகைமணம் மட்டும் அதில் வராது, அதை ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பொங்கலுக்குப் பால் பொங்க வைப்பது எப்படி என்று கேட்பார்கள். தட்டை அடி எவர்சில்வர் பானையில் அழகாகப் பொங்கும். கண்ணாடியில் வழிந்ததை அடுப்பு ஆறியதும் துடைத்துவிடலாம். கேஸ் இணைப்பு வராத புது பிடிஓ (வீவகவிடம் முன்பதிவு செய்து வாங்கும்) வீட்டில் பால் காய்ச்சும் சடங்குக்கு, பியூட்டேன் குப்பி அடுப்பைத் தூக்கிக்கொண்டு அலைவதைவிட இண்டக்‌ஷன் எவ்வளவோ மேல்.

படி 6: பில்லைப் பார்த்து, நிரந்தர அடுப்புக்கு முடிவெடுங்கள்

கேஸ் தீயின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் பாத்திரத்துக்குப் போகிறது. மீதி சமையலறையைச் சூடாக்குகிறது. இண்டக்‌ஷனில் சுமார் 85 சதவீதம் பாத்திரத்துக்கே போகும். உங்கள் பில்லில் கேஸ், மின்சாரம் இரண்டின் விலையும் ஒரு கிலோவாட் மணிக்கு இவ்வளவு என்று போட்டிருக்கும். மின்சார விலை, கேஸ் விலையைப்போல் இரண்டரை மடங்கைத் தாண்டாத வரை இண்டக்‌ஷனில் செலவு கூடாது. ஆண்டு முழுவதும் வெக்கையடிக்கும் இந்த ஊரில், சமைத்து முடித்தவுடன் வியர்வையில் குளிக்காமல் வெளியே வருவதற்கு எந்தக் கணக்கில் விலை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு மாதப் பழக்கத்துக்குப் பிறகும் வீட்டில் எல்லோருக்கும் சம்மதம் என்றால், மேடையில் பதிக்கும் அடுப்பைத் தேர்ந்தெடுங்கள். பழைய கேஸ் அடுப்பு இருந்த வெட்டுக்குழியின் நீள அகலத்தை அளந்துகொண்டு போங்கள். அது பொருந்தாவிட்டால் மேடைக் கல்லுக்கே தனிச் செலவு வரும். கீழே காற்று போய்வர இடம் விட வேண்டும் என்பதால், அடியில் உள்ள இழுப்பறையில் துணியையும் காகிதத்தையும் திணிக்கக்கூடாது.

படி 7: கேஸை முறையாக மூடுங்கள்

குழாயை நீங்களே கழற்றி, நாடா சுற்றி விடுவது கூடவே கூடாது. உரிமம் பெற்ற கேஸ் சேவைத் தொழிலாளர் வந்து குழாயை மூடித் தர வேண்டும். பிறகு கேஸ் கணக்கை முடிக்கச் சொல்லுங்கள். குளியலுக்குக் கேஸ் வெந்நீர்க் கருவி வைத்திருந்தால் கணக்கை மூட முடியாது. அப்போது அடுப்புக் கிளையை மட்டும் மூடச் சொல்ல வேண்டும். அந்தக் கருவியும் தீ எரிப்பதுதான் என்பதால், அதன் புகை வெளியே போகிறதா என்று சரிபார்க்கச் சொல்லுங்கள். சிலிண்டர் வீடு என்றால் வேலை எளிது, விநியோகித்தவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

படி 8: மிச்சமிருக்கும் ஆபத்துகள்

இண்டக்‌ஷன் வந்துவிட்டது என்று சன்னலைச் சாத்திவிடாதீர்கள். தீயின் வாயுக்கள்தான் போயின. மீன் வறுக்கும் புகையும், மிளகாய் வதக்கும் நெடியும், அவற்றில் உள்ள நுண்துகள்களும் உணவிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் வருபவை, எந்த அடுப்பிலும் வரும். சன்னலைத் திறந்து, மின்விசிறியைச் சன்னல் பக்கம் திருப்பி வையுங்கள். முடிந்தால் வெளியே காற்றைத் தள்ளும் புகைபோக்கி வையுங்கள். சமைத்து முடித்த பிறகும் பத்து நிமிடம் ஓடட்டும்.

எண்ணெய் இதிலும் தீப்பிடிக்கும். வாணலியில் கொஞ்சம் எண்ணெயை மட்டும் ஊற்றி முழுச் சூட்டில் வைத்தால், கேஸைவிட வேகமாகக்கூடப் புகையத் தொடங்கும். பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து, மூடியால் மூடி, ஆறும்வரை திறக்காமல் விடுங்கள். அடங்காவிட்டால் எல்லோரும் வெளியேறி 995ஐ அழையுங்கள். 2018 ஜூன் முதல் புதிய வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம். பழைய வீட்டிலும் ஒன்று வாங்கி வரவேற்பறைக் கூரையில் மாட்டுங்கள். சமையலறைக்குள் மாட்டினால் தினமும் தாளிப்புக்கே அலறும், கடைசியில் யாராவது பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள்.

கண்ணாடி தானாகச் சூடாவதில்லை என்றாலும், சூடான பாத்திரம் இருந்த இடம் சுடும். மினுக்கும் எச்சரிக்கை எழுத்து அணையும்வரை பிள்ளைகளை நெருங்க விடாதீர்கள், பூட்டு வசதியைப் போட்டு வையுங்கள். கண்ணாடியில் மயிரிழை அளவு விரிசல் விழுந்தாலும் சுவர் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். வழிந்த தண்ணீர் அதன் வழியே உள்ளே இறங்கும். சரிசெய்யும்வரை அதில் சமைக்கக்கூடாது.

வீட்டில் பணிப்பெண் இருந்தால், இதையெல்லாம் அவருக்கு நீங்களே பக்கத்தில் நின்று செய்து காட்டுங்கள். பெரும்பாலான வீடுகளில் அடுப்பருகே அதிக நேரம் நிற்பவர் அவர்தான். அந்தக் காற்றை மூச்சில் இழுப்பவரும் அவர்தான்.